ஊர் தேடி வரும் மருத்துவம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சாரலில், சங்கரன்கோவிலிலிருந்து தென்காசிக்குச் செல்லும் இருப்புப்பாதையின் மேல் அமைந்துள்ளது கடையநல்லூர். கருப்பாநதி பாயும் வயல்களும், தென்னந்தோப்புகளும், தறியோசை கேட்கும் தெருக்களும் உடைய ஊர் அது. நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தென்காசி மாவட்டம் பிறந்தபோது அதனுள் சேர்ந்தது. இவ்வூரில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் அரசு மருத்துவமனைக்குச் செல்வர். கால் முறிந்தால் கட்டுப் போடுவர். கண் மங்கினால் கண்ணாடி வாங்குவர். மனம் நோயுற்றால் என் செய்வர்? மற்ற நோய்களுக்கு வழி கேட்டு வீடு வீடாய்ச் செல்லும் தாய், இந்நோய்க்கு மட்டும் கதவைச் சார்த்திக்கொண்டு அழுவாள். அண்டை வீட்டார் அறியலாகாது என்பதே அவளது முதற் கவலையாகும். கடையநல்லூருக்கு மட்டும் உரிய நிலையன்று இது. நம் நாட்டுச் சிற்றூர் ஒவ்வொன்றிலும் காணத்தக்கது.

மனநோய் என்பது ஒன்றன்று, பல. இல்லாத குரல் காதில் விழுதலும், பகையல்லாதாரைப் பகைவராக எண்ணுதலும், சொல்லும் செயலும் ஒன்றோடொன்று இயையாமையும் மனச்சிதைவு நோயின் குறிகளாம். சில காலம் மட்டிலாத களிப்பும், சில காலம் எல்லையற்ற சோர்வும் மாறி மாறி வருதல் மற்றொரு நோய். உறக்கம் கெட்டு, உணவில் விருப்பம் அற்று, எதிலும் நாட்டமின்றி வாடுதல் மனச்சோர்வு. இவற்றுள் மனச்சிதைவு ஊரார் கண்ணுக்குப் புலனாவது; ஆதலின் ஊர் அஞ்சுகிறது. மனச்சோர்வு புலனாகாதது, ஆதலின் ஊர் அதனை நோயென்றே கருதுவதில்லை. "மனசு சரியில்லை", "நெஞ்சை அடைக்கிறது" என்று ஒரு பெண் கூறினால், வேலைக்குச் சோம்புகிறாள் என்பார் பலர். நோயுற்றவளுக்கு இப்பழி இரண்டாவது துன்பமாகிறது.

தமிழுக்கு இந்நோய் புதிதன்று. மணிமேகலையில், மலர்வனம் செல்லும் வழியில் புகார் நகரத்துத் தெருவில் பித்தன் ஒருவன் வருகிறான். கிழிந்த ஆடையும் எருக்கம்பூ மாலையும் அணிந்து, அழுதும் அரற்றியும் திரியும் அவனைச் சுற்றி ஒரு கூட்டம் நின்று வேடிக்கை பார்ப்பதாகச் சாத்தனார் காட்டுகிறார். அக்கூட்டத்தில் அவனை அழைத்துச் சென்று சோறிட்டவர் எவரையும் நாம் காணோம். சித்த மருத்துவ நூலோரோ வேடிக்கை பார்க்கவில்லை. மனநோயைக் 'கிரிகை' என்று பெயரிட்டு, அதனை 18 வகையாகப் பிரித்து மருந்தும் கூறினர். தெருவில் வேடிக்கையும் ஏட்டில் மருத்துவமுமாக இருநெறிகள் நம்மிடம் பண்டே இருந்தன. சிவபெருமானையே பித்தன் என்று பாடிய நாடு, மனிதருள் பித்துற்றவனைக் கல்லெறிந்து துரத்தியதும் உண்டு. இம்முரண்பாட்டுக்குச் சமாதானம் சொல்ல என்னால் இயலாது.

ஏட்டு மருத்துவம் எளியோர்க்கு எட்டாதபோது கோயில்களும் தர்காக்களும் புகலிடமாயின. சங்கரன்கோவிலில் கோமதியம்மன் சந்நிதிக்கு முன் உள்ள சக்கர பீடத்தில் அமர்ந்து வேண்டினால் மனநோய் நீங்கும் என்று மக்கள் நம்புவர். திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் குணசீலத்தில் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலில் நோயாளிகள் 48 நாள் தங்கி வழிபடுதல் வழக்கம். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் சையது இப்ராகிம் சாகிப் அடக்கமாகியுள்ள தர்காவுக்கு இந்துக்களும் முசுலிம்களும் கிறித்தவர்களும் ஒருசேர வருவர். நம் திருநெல்வேலிச் சீமையிலும் ஏர்வாடி என்னும் ஊர் ஒன்று நாங்குனேரிப் பக்கம் உண்டு. நான் கூறுவது கீழக்கரைக்கு அண்மையில் கடலோரத்தில் உள்ள ஏர்வாடியை. தர்காவின் விளக்கெண்ணெயும் தீர்த்தமும் மருந்து. இறைநேசர் கனவில் தோன்றி, 'நலம் பெற்றாய், வீடு செல்க' என்று விடை கொடுக்கும் வரை நோயாளி அங்கே தங்குவான். அது சில திங்களும் ஆகலாம். சில ஆண்டுகளும் ஆகலாம்.

கற்றவர் சிலர் இவ்வழக்கத்தைக் கேட்டவுடன், மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லால் தள்ளிவிடுவர். அச்சொல் எளிது, உண்மை அத்துணை எளிதன்று. கடையநல்லூரில் கைத்தறி நெய்யும் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இருபது வயதுடைய மகனுக்கு மனச்சிதைவு நோய். அவன் இரவெல்லாம் உறங்காமல் தெருவில் நடக்கிறான். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ள பாளையங்கோட்டை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அவனைத் தனியே அனுப்ப இயலாது. தந்தை ஒருவரால் பேருந்தில் அடக்கி வைத்திருத்தலும் இயலாது. எனவே சிற்றப்பனும் உடன் செல்ல வேண்டும். அந்நாளில் இருவர் தறியும் ஓடாது. இருவர் கூலியும் போம். மருத்துவர் ஒரு திங்களுக்கு மாத்திரை தந்து, அடுத்த திங்கள் வருக என்பார். முதல் திங்கள் செல்வர். இரண்டாம் திங்களும் செல்வர். மூன்றாம் திங்கள் மகன் சிறிது தெளிந்திருப்பான். தெளிந்தவனுக்கு மருந்து எதற்கு என்று நிறுத்துவர். நோய் மீளும். மீண்ட நோய் முன்னதினும் கடியதாய் இருக்கும். அப்போது, 'ஏர்வாடிக்குக் கொண்டுபோங்கள். அங்கே விட்டுவிட்டு வரலாம்' என்று யாரேனும் கூறுவர்.

'விட்டுவிட்டு வரலாம்' என்னும் அத்தொடரில் அடங்கியுள்ள பொருளை நாம் நோக்குதல் வேண்டும். ஏர்வாடி பாளையங்கோட்டையினும் நெடுந்தொலைவில் உள்ளது. ஆயினும் அங்கே ஒருமுறை சென்றால் போதும். திங்கள்தோறும் செல்ல வேண்டுவதில்லை. ஏன் வந்தாய் என்று கேட்பார் இல்லை. நோயாளி ஒருவனை அழைத்துச் செல்பவன் அவ்வூரில் நாணத் தேவையில்லை. அங்குள்ளோர் பலரும் அத்தகைய துன்பத்தோடு வந்தவரே. மருத்துவமனை தர மறந்த எளிமையை அக்கடலோர ஊர் தந்தது. மக்கள் அங்கே சென்றதற்கு நம்பிக்கை ஒரு காரணம். தொலைவும் கூலியும் வேறு இரு காரணங்கள்.

ஆயின் அவ்வெளிமைக்குக் கொடுத்த விலை பெரிது. தர்காவைச் சுற்றித் தனியார் பலர் காப்பகங்களைத் தொடங்கினர். அவை தர்காவின் ஆட்சிக்கு உட்பட்டவை அல்ல, மருத்துவரும் இல்லை, உரிமமும் இல்லை. குடும்பத்தார் பணம் கொடுத்து நோயாளியை ஒப்படைப்பர். காப்பகத்தார் கீற்றுக் கொட்டகையில் அவரைச் சங்கிலியால் பிணைத்து வைப்பர். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள் விடியற்காலையில் அத்தகைய காப்பகம் ஒன்றில் தீப் பற்றியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் அங்கே இருந்தனர். தீயைக் கண்டவர் ஓடலாம். பிணைக்கப்பட்டவர் எங்ஙனம் ஓடுவர்? அவர்கள் கூவினர். மனநோயாளர் இரவில் கூவுதல் அவ்வூருக்குப் புதிதன்று. 28 பேர் மாண்டனர்.

அவ்விருபத்தெண்மர் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். அவர்களைப் பெற்றோர் கொடியவர் அல்லர் என்பதை நான் வலியுறுத்திக் கூற விரும்புகிறேன். சங்கிலி பூட்டுதல் கொடுமையே, ஐயமில்லை. ஆனால் அச்சங்கிலி ஏர்வாடியில் தொடங்கவில்லை. வீட்டுத் திண்ணையில் தொடங்கியது. உழைத்தாலன்றி உண்ண இயலாத வீட்டில், பகற்பொழுதில் நோயாளியைக் காக்க ஆள் இல்லை. அவன் கிணற்றில் விழுந்துவிடுவானோ, இருப்புப்பாதையில் நடந்துவிடுவானோ என்னும் அச்சம் தாயை வருத்தும். ஆள் இல்லாத வீட்டில் சங்கிலியே காவலாள் ஆகிறது. மருந்து உறக்கத்தைத் தரும், மயக்கத்தைத் தெளிவிக்கும், அப்போது காவல் வேண்டுவதில்லை. அம்மருந்து வரும் வழி அடைந்திருந்தமையால் சங்கிலி நுழைந்தது.

வழி ஏன் அடைந்திருந்தது? அதற்கு ஒரு வரலாறு உண்டு. சென்னையில் மனநோயாளர்க்கென ஒரு காப்பகம் 1794-ஆம் ஆண்டில் கும்பினியார் காலத்தில் தோன்றியது. 1871-ஆம் ஆண்டில் அது கீழ்ப்பாக்கத்திற்கு மாற்றப்பட்டது. மாகாணத்தின் பெரும்பகுதிக்கு நெடுங்காலம் அதுவே கதி. கடையநல்லூரிலிருந்து அதற்குத் தொலைவு ஏறத்தாழ 600 கிலோமீட்டர். 1912-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு குறுக்கே நின்றது. அச்சட்டப்படி நோயாளியைச் சேர்க்க நீதிபதியின் ஆணை பெறுதல் பெருவழக்காய் இருந்தது. குற்றம் செய்தவனும் நீதிபதி முன் நின்றான். நோயுற்றவனும் நீதிபதி முன் நின்றான். மக்கள் மனத்தில் மருத்துவமனையும் சிறைச்சாலையும் ஒன்றாய்த் தோன்றியதில் வியப்பென்ன?

கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரே பின்னர் வசைச்சொல் ஆயிற்று. திரைப்படங்களில் அச்சொல்லைக் கேட்டவுடன் மக்கள் நகைத்தனர். தென்மாவட்டங்களில் ஏர்வாடியும் அவ்வாறே வசையாயிற்று. ஓர் ஊரின் பெயரைக் கூறி ஒருவனை இழித்தல் மொழிக்கும் இழுக்கு, நோய்க்கும் தீங்கு. ஏனெனில், அப்பெயர் தம் மகனுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சிய பெற்றோர், முதலாண்டில் செய்ய வேண்டிய மருத்துவத்தை ஐந்தாம் ஆண்டில் செய்தனர். மனச்சிதைவு நோயில் முதற் சில திங்கள்களில் தொடங்கும் மருத்துவம் பெரும் பயன் தரும்; காலம் கடக்குந்தோறும் பயன் குறையும்.

1952-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் டிலே, தெனிக்கர் என்னும் மருத்துவர் இருவர் குளோர்ப்புரோமசின் என்னும் மருந்தை மனநோயாளர்க்குக் கொடுத்துப் பயன் கண்டனர். அதன் பின்னர் மருத்துவமனையில் ஆயுள் முழுதும் கிடக்க வேண்டியவர் பலர் வீடு திரும்பும் நிலை உலகெங்கும் உண்டாயிற்று. நம் நாட்டிலும் நல்ல முயற்சிகள் அக்காலத்திலேயே தோன்றின. அமிர்தசரசு மனநோய் மருத்துவமனையில் வித்தியாசாகர் என்னும் மருத்துவர், நோயாளியின் உறவினரையும் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்துத் தங்கச் செய்தார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையமும் 1957 முதல் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் முறையைக் கைக்கொண்டது. மேலை நாடுகள் குடும்பத்தைப் பிரித்து வைத்து மருத்துவம் செய்த காலத்தில், நம் மருத்துவர் குடும்பத்தையே மருத்துவத்தில் சேர்த்துக்கொண்டனர். சென்னையில் 1961 முதல் கீழ்ப்பாக்க மருத்துவமனைக்குத் தலைமை தாங்கிய சாரதா மேனன் அம்மையார் இந்தியாவின் முதற் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஓயவில்லை. 1984-ஆம் ஆண்டில் சென்னையில் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 'ஸ்கார்ஃப்' என்னும் சுருக்கப் பெயரால் அது வழங்கும். அம்மையார் 2021-ஆம் ஆண்டில் மறைந்தார்.

இவையெல்லாம் நகரங்களில் நிகழ்ந்தவை. மருத்துவம் சிற்றூருக்கு வருதற்கு வேறோர் எண்ணம் தேவைப்பட்டது. மனநல மருத்துவர் சிலரே, சிற்றூர்களோ ஆயிரக்கணக்கின. ஆதலின், மருத்துவர் செல்ல இயலாத இடத்திற்கு மருத்துவ அறிவு செல்லட்டும் என்பதே அவ்வெண்ணம். 1975-ஆம் ஆண்டு அளவில் பெங்களூருக்கு அண்மையில் சக்கல்வாரா என்னும் சிற்றூரிலும், சண்டிகருக்கு அண்மையில் இராய்ப்பூர் இராணி என்னும் ஊரிலும் அதனைச் சோதித்தனர். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் காய்ச்சலும் புண்ணும் பார்க்கும் பொது மருத்துவர்க்கு, மனநோயின் குறிகளையும் இன்றியமையாத சில மருந்துகளையும் கற்பித்தனர். செவிலியர்க்கும் பணியாளர்க்கும் நோயாளியை அடையாளம் காணக் கற்பித்தனர். 1982-ஆம் ஆண்டில் தேசிய மனநலத் திட்டம் பிறந்தது. கருநாடகத்துப் பெல்லாரி மாவட்டம் 1985 முதல் அதற்கு முன்மாதிரியாயிற்று. 1996-97-இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் அதற்குத் தெரிந்தெடுக்கப்பெற்றது திருச்சிராப்பள்ளி.

இராமநாதபுரம் அந்நான்கனுள் இல்லை. தீ நிகழ்ந்த பின்னரே அங்குத் திட்டம் வந்தது. ஏர்வாடிக் காப்பகங்கள் ஒரு வாரத்திற்குள் மூடப்பட்டன. 500-க்கு மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இவ்வழக்கை எடுத்து, மாநிலங்கள் யாவும் தத்தம் மனநல நிலையங்களைக் கணக்கெடுக்குமாறு பணித்தது. அதுவரை கேட்கப்படாத கேள்விகள் அதன் பின்னரே கேட்கப்பட்டன. அவற்றைக் கேட்பதற்கு 28 உயிர் வேண்டியிருந்தது.

இனி, மாவட்டத் திட்டம் எவ்வாறு இயங்குகிறது என்று காண்போம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் அடங்கிய குழு ஒன்று இருக்கும். அக்குழு மாவட்டத்தினுள் உள்ள வட்ட மருத்துவமனைகளுக்கும் ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கும் குறித்த நாட்களில் செல்லும். நோயாளி 70 கிலோமீட்டர் செல்வதற்கு மாறாக, மருத்துவரே நோயாளியின் பக்கம் வருகிறார். மருந்து இலவசமாகக் கிடைக்கும். நாள்தோறும் மாத்திரை விழுங்க மறுப்பவர்க்குத் திங்களுக்கு ஒருமுறை போடத்தக்க ஊசிமருந்தும் உண்டு. நம் நெசவாளரின் மகன் காலையில் சென்று நண்பகலுக்குள் திரும்பலாம். தந்தையின் தறி அரைநாளே நிற்கும். இம்மருத்துவ முறையில் வியத்தகு கருவி யாதொன்றும் இல்லை. புதிய மருந்தும் இல்லை. தொலைவைக் குறைத்ததே அதன் சிறப்பு.

குறைகளும் உள. குழுவில் ஆள் நிரப்பப்படாத இடங்கள் நேரும். மருந்து தீர்ந்துபோம் நாட்களும் நேரும். ஒரு திங்கள் மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம், மறுதிங்கள் வருமா என்பது ஐயமே. 2015-16-ஆம் ஆண்டில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு ஒன்று நடந்தது. வயது வந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழப் பதின்மர்க்கு ஏதேனும் ஒரு மனநோய் இருத்தலையும், அவருள் நூற்றுக்கு எழுபதின்மருக்கு மேல் மருத்துவம் பெறாதிருத்தலையும் அது கண்டது. திட்டம் ஏட்டில் பரவிய அளவு வீட்டில் பரவவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

கோயிலையும் தர்காவையும் பற்றி மீண்டும் ஒன்று கூற வேண்டும். மருத்துவம் வளர்ந்தால் அவை வேண்டா என்று கருதுவோர் உளர். தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி கோயில் என்று ஒன்று உண்டு. அங்கே தங்கிய மனநோயாளர் 31 பேரைப் பெங்களூர் மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டில் ஆராய்ந்தனர். அக்கோயிலில் அடித்தலும் கட்டுதலும் இல்லை. உறவினர் உடன் தங்குவர். நோயாளிகள் கோயிலைப் பெருக்குதல், செடிக்கு நீர் விடுதல் போன்ற சிறு பணிகள் செய்வர். சில வாரங்களில் அவர்தம் நோய்க்குறிகள் ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைந்திருக்கக் கண்டனர். அமைதியும் அன்பும் ஒழுங்கான வேலையும் மனத்துக்கு மருந்தாகும் என்பதை அவ்வாய்வு காட்டுகிறது. ஐந்தில் நான்கு பங்கு நோய் எஞ்சியது என்பதையும் அதுவே காட்டுகிறது. ஆகவே, அடியாத, கட்டாத கோயிலோடு மருத்துவர் பகைத்தல் வேண்டா. கோயிலும் மருந்தைத் தடுத்தல் வேண்டா.

குசராத்து மாநிலத்தில் உனாவா என்னும் ஊரில் மீரா தாத்தார் தர்கா உள்ளது. அங்கே வேண்டுதலும் மருந்தும் ஒருசேர நடைபெறும் முறையைக் கண்டனர். இந்தியில் 'துவா' என்றால் வேண்டுதல். 'தவா' என்றால் மருந்து. தர்காவில் தொழுகை செய்விப்போர்க்கு நோயின் குறிகளைக் கற்பித்தனர்; அவர்களே, 'வேண்டிக்கொள்; அதோ இருக்கும் மருத்துவரையும் பார்' என்று நோயாளியை அனுப்பினர். தாம் நம்பும் பெரியவர் வாயிலிருந்து அச்சொல் வந்தபோது மக்கள் தயங்கவில்லை. அம்முறை ஏர்வாடிக்கும் வந்தது. சங்கிலி கண்ட ஊரில் மருத்துவரும் அமர்ந்தார்.

இத்தகைய வரலாறு ஐரோப்பாவிலும் உண்டு. பெல்சியம் நாட்டில் கீல் என்னும் ஊர், திம்பினா என்னும் தூயவளின் கோயிலால் பெயர் பெற்றது. இடைக்காலத்தில் மனநோயாளர் திரள் திரளாய் அங்கே வந்தனர். கோயிலில் இடம் போதாமையால் ஊரார் தம் வீடுகளில் அவர்களை ஏற்றனர். பின்னர் மருத்துவம் வளர்ந்தபோது அவ்வழக்கத்தை விட்டுவிடவில்லை. மருத்துவமனையும் வீடும் இணைந்தன. நோயாளி ஒரு குடும்பத்தில் ஒருவராய் வாழ்ந்து, வயலிலும் அடுக்களையிலும் வேலை செய்து, மருத்துவரின் மேற்பார்வையில் இருக்கும் முறை இன்றும் அங்கே உண்டு. ஏர்வாடியும் கீலும் ஒரே விதமாய்த் தொடங்கின. ஓரிடத்தில் கொட்டகை எழுந்தது. மற்றோரிடத்தில் வீட்டுக் கதவு திறந்தது.

மருத்துவர் அல்லாதார் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவில் சிம்பாப்வே நாட்டில், மக்கள்தொகையை நோக்க மனநல மருத்துவர் மிகச் சிலரே. அவருள் ஒருவரான திக்சன் சிபந்தா 2006-ஆம் ஆண்டில் ஒரு வழி கண்டார். சுகாதார நிலையத்தின் வெளியே மரத்தடியில் ஒரு மரப்பலகை இருக்கையை இட்டார். அதில் பயிற்சி பெற்ற பாட்டிமார் அமர்ந்தனர். துன்பமுற்றோர் வந்து பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து தம் இடரைச் சொல்வர். பாட்டி பொறுமையோடு கேட்டு, பல இடர்களுள் முதலில் தீர்க்கத்தக்கது எது என்று அவரையே தேர்ந்தெடுக்கச் செய்து, அதற்கு வழி காண உதவுவாள். அந்நாட்டு மொழியில் மனச்சோர்வுக்கு வழங்கும் சொல்லுக்கு 'அளவிறந்து எண்ணுதல்' என்பது பொருளாம். நம்மவர் 'யோசனை பிடித்துவிட்டது' என்பதை அது நினைவூட்டுகிறது. 2016-இல் வெளிவந்த ஆய்வின்படி, ஆறு திங்களுக்குப் பின், வழக்கமான மருத்துவம் பெற்றாருள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐம்பதின்மர் மனச்சோர்வோடு இருந்தனர். பாட்டிமாரிடம் பேசியவருள் அத்தொகை பதினால்வர். நம் ஊர்களில் பாட்டிமாருக்குப் பஞ்சமில்லை. மரத்தடிக்கும் பஞ்சமில்லை. பயிற்சி ஒன்றே குறை.

2017-ஆம் ஆண்டில் மனநலப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. 2018-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தல் கூடாதென அது விலக்கிற்று. அரசு நடத்தும் மனநல மருத்துவத்தைப் பெறுதல் ஒவ்வொருவர்க்கும் உரிமை என்றது. மாவட்டத்தில் அவ்வசதி இல்லையாயின், அம்மாவட்டத்திலேயே வேறிடத்துப் பெற்ற மருத்துவத்தின் செலவை அரசே ஏற்க வேண்டும் என்றும் கூறுகிறது. இவ்வுரிமையை அறிந்து கேட்டவர் எத்துணையர்? சட்டம் ஆங்கிலத்தில் இருக்கிறது. நோயாளியின் தாய் தமிழில் அழுகிறாள். இவ்விரண்டிற்கும் நடுவே பாலமாக நிற்றல் படித்த இளைஞர்க்கு இயலும். மருத்துவமனைக்குச் செல்ல நாணுவோர்க்கு வீட்டிலிருந்தே பேசும் வழியும் 2022-ஆம் ஆண்டில் வந்தது. 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். 'நட்புடன் உங்களோடு' என்று தமிழ்நாட்டில் அதற்குப் பெயரிட்டனர். கடன் சுமையாலும் தேர்வுத் தோல்வியாலும் மனம் உடைந்தோர்க்கும் அது பயன்படும்.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தால், உயர் குருதி அழுத்தத்திற்கும் நீரிழிவு நோய்க்கும் உரிய மாத்திரைகள் இல்லம் தேடி வருகின்றன. பாட்டியின் நீரிழிவு மாத்திரையைக் கொண்டுவரும் கைகளே பேரனின் மனச்சிதைவு மாத்திரையையும் கொண்டுவருதல் ஏன் கூடாது? இரண்டும் திங்கள்தோறும் வேண்டுவன. இரண்டும் நிறுத்தினால் கேடு தருவன. இரண்டையும் ஒரே பையில் வைத்துத் தந்தால் அண்டை வீட்டார்க்கு வேறுபாடு தோன்றாது. நாணமும் அளவிற் குறையும் என்பது என் துணிபு.

இல்லம் தேடிச் செல்லும் மருத்துவத்தைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஸ்கார்ஃப் நிறுவனத்தார் 2010-ஆம் ஆண்டிலேயே வேறொரு வகையில் செய்து காட்டினர். ஒரு பேருந்தின் உட்புறத்தை இரு பகுதியாகத் தடுத்தனர். ஒரு பகுதியில் திரை ஒன்று இருக்கும். அதில் சென்னையில் உள்ள மருத்துவரின் முகம் தோன்றும். நோயாளியும் தாயும் அதன் முன் அமர்ந்து, எதிரே இருப்பவரோடு பேசுவது போலவே பேசுவர். மருத்துவர் மருந்தை எழுதுவார். அதே பேருந்தின் மறுபகுதியில் மருந்தகம். அங்கே அம்மருந்தை விலையின்றிப் பெற்றுக்கொண்டு இறங்குவர். பேருந்து குறித்த நாளில் குறித்த ஊரில் வந்து நிற்கும். அவ்வட்டாரத்தைச் சேர்ந்த பணியாளர் சிலர்க்குப் பயிற்சி அளித்திருந்தனர். முறை தவறியவர் பெயரைக் குறித்துக்கொண்டு, அவர்கள் அவ்வீட்டிற்கு நடந்து செல்வர். மாத்திரை தீர்ந்ததா, உறக்கம் உண்டா, ஏன் வரவில்லை என்று கேட்பர். அதற்குள் பேருந்து அடுத்த ஊருக்குப் புறப்பட்டிருக்கும்.